குர்து வாக்காளரிடம் மதமும் அடையாளமும்: துருக்கிக் கட்சிகள் பேசும் மொழி

கேள்வி இது: துருக்கியில் வாழும் குர்து மக்களில் பெரும்பாலோர் மார்க்கப் பற்று மிக்க சுன்னி முஸ்லிம்கள். 2002 முதல் நாட்டை ஆண்டுவரும் எர்டோகனின் ஏகேபி (நீதி, வளர்ச்சிக் கட்சி) கட்சியும் மார்க்கப் பற்றை முன்னிறுத்தியே வளர்ந்த கட்சி. அப்படியிருக்கக் குர்துப் பகுதிகளில் அந்தக் கட்சிக்கு ஒரு தேர்தலில் வாக்குகள் குவிவதும், அடுத்த சில ஆண்டுகளில் அவை கரைந்துபோவதும் ஏன்? குர்து வாக்காளரைக் கடைசியில் தீர்மானிப்பது மதமா, இன அடையாளமா?

மதமும் அடையாளமும் எதிரெதிராக இழுக்கும் இரண்டு சக்திகள் என்ற எண்ணத்தோடு தொடங்கினால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. துருக்கியின் மேற்கே இஸ்தான்புல்லிலோ அங்காராவிலோ இருந்து பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்: மார்க்கப் பற்றுள்ள குர்து ஏகேபிக்கும், மதச்சார்பற்ற குர்து குர்துக் கட்சிக்கும் வாக்களிப்பார் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். ஆனால் குர்து நிலத்தில் மதத்துக்கே குர்து மொழியும் குர்து நினைவும் உண்டு. ஆகவே அங்கே நடக்கும் போட்டி, அந்த மதத்தின் பெயரால் பேசும் உரிமை யாருக்கு என்பதைப் பற்றியது. என் பார்வையில், மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்ட கட்சிகள் மொழிக்கும் மரியாதைக்கும் அதன் வழியே ஒரு கதவைத் திறந்தபோதெல்லாம் வென்றிருக்கின்றன. அவற்றுக்கு மாற்றாக மதத்தை நீட்டியபோதெல்லாம் தோற்றிருக்கின்றன.

முதலில் பின்னணி. துருக்கியின் மக்கள்தொகையில் குர்துகள் 15 முதல் 20 விழுக்காடு வரை இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. தாய்மொழி பற்றிய கணக்கெடுப்பு விவரங்கள் 1965க்குப் பிறகு வெளியிடப்படாததால் மதிப்பீட்டைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. துருக்கியர்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைப் (மார்க்கச் சட்ட மரபு) பின்பற்ற, சுன்னி குர்துகள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபினர். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களும் ஷாஃபிகள் என்பதால், ஒரே ஊரில் இரு மத்ஹபுகளுக்கும் தனித்தனிப் பள்ளிவாசல் மரபு எவ்வளவு ஆழமாக வேரூன்றும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தியார்பக்கிர், பிட்லிஸ், சீர்த் பகுதிகளின் கிராம மத்ரஸாக்களில் அரபு நூல்களுக்கான விளக்கம் குர்து மொழியில்தான் சொல்லப்பட்டது. அங்கே ஓதி முடித்து வந்தவரை மக்கள் 'மெலே' என்று அழைத்தார்கள். அவருக்குச் சம்பளம் அரசிடமிருந்து வரவில்லை. ஜகாத்தும் கிராமத்தின் ஆதரவும்தான் அவரைத் தாங்கின. இவற்றோடு நக்‌ஷபந்தி தரீக்காவின் (சூஃபி வழிமுறை) காலிதி கிளையும் சேர்ந்துகொள்கிறது. அதைத் தோற்றுவித்து, 1827இல் டமாஸ்கஸில் மறைந்த மௌலானா காலித் ஒரு குர்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குர்து சிற்றரசுகளை உஸ்மானியப் பேரரசு ஒழித்த பிறகு, குலங்களுக்கிடையே வழக்குத் தீர்க்கவும் மக்களைத் திரட்டவும் எஞ்சியிருந்தவர்கள் இந்த தரீக்காவின் ஷேக்குகள்தாம்.

1924 மார்ச்சில் கலீஃபா பதவியும் மத்ரஸாக்களும் ஒழிக்கப்பட்டபோது, குர்துப் பகுதியில் மதச் சட்டம் ஒன்று மாறியதாக மட்டும் அது உணரப்படவில்லை. துருக்கியரையும் குர்துகளையும் பிணைத்திருந்த ஒரே கயிற்றை அரசே அறுத்துவிட்டது என்ற எண்ணம் பரவியது. அடுத்த ஆண்டே நக்‌ஷபந்தி ஷேக் சயீத் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. 1925 ஜூன் இறுதியில் தியார்பக்கிரில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய உடல் எங்கே புதைக்கப்பட்டது என்பது இன்றுவரை குடும்பத்தாருக்குச் சொல்லப்படவில்லை. பிட்லிஸ் மாகாணத்தின் நூர்ஸ் கிராமத்தில் பிறந்த மார்க்க அறிஞர் சயீத் நூர்ஸி 1960இல் உர்ஃபாவில் மறைந்தபோது, அந்த ஆண்டு ஆட்சியைக் கைப்பற்றிய ராணுவம் அவருடைய கல்லறையை உடைத்து உடலை எங்கோ கொண்டுபோனது. அந்த இடமும் மறைக்கப்பட்டது. மார்க்கம் வேறு, குர்து வேறு என்று பிரிக்க முடியாத இந்த இரண்டு பெயர்களையும் ஒவ்வொரு தேர்தலிலும் எல்லாத் தரப்பினரும் மேடையில் உச்சரிப்பதைக் கேட்கலாம்.

இந்த நிலத்தில் முதலில் பயனடைந்தது 1950இல் வென்ற ஜனநாயகக் கட்சி. பாங்கை மீண்டும் அரபியில் சொல்ல அது அனுமதித்தது; நாடு கடத்தப்பட்டிருந்த ஷேக் குடும்பங்களையும் ஆகாக்கள் எனப்படும் நிலவுடைமைத் தலைவர்களையும் வேட்பாளர்களாக நிறுத்தியது. ஷேக் சயீதின் பேரன் அப்துல்மெலிக் ஃபிராத் 1957இல் அக்கட்சியின் சார்பில் நாடாளுமன்றம் சென்றார். குர்து என்ற சொல்லை மேடையில் யாரும் சொல்லவில்லை. ஆனால் யாருடைய பேரன் நிற்கிறார் என்பது வாக்களித்த அனைவருக்கும் தெரியும். பேசாமலே அடையாளத்தை உணர்த்தும் இந்த முறை வலதுசாரிக் கட்சிகளுக்கு முப்பது ஆண்டுகள் உதவியது.

அதைப் பேசும் அரசியலாக மாற்றியவர் நெஜ்மெத்தின் எர்பகான். இஸ்லாமியச் சகோதரத்துவத்தை முன்வைத்த அவருடைய ரெஃபா கட்சி 1991 தேர்தலில் அல்பர்ஸ்லான் துர்கேஷின் தீவிர துருக்கிய தேசியவாதிகளோடு கூட்டணி வைத்தபோது, கட்சியின் குர்து ஊழியர்கள் பலர் மனம் வெறுத்து விலகினர். அந்தப் பிழையைச் சரிசெய்யும் விதமாக 1994 பிப்ரவரியில் பிங்கோல் நகரில் எர்பகான் ஆற்றிய உரையைக் கூர்ந்து கவனிப்பது நல்லது. அக்காலத்தில் துருக்கியப் பள்ளிகளில் ஒவ்வொரு காலையும், 'நான் துருக்கியன், நேர்மையானவன், உழைப்பாளி' என்று பிள்ளைகள் உறுதிமொழி சொல்ல வேண்டும். எர்பகான் சொன்னது இதுதான்: முன்பு பிள்ளைகள் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பாடம் தொடங்கினார்கள், அதை எடுத்துவிட்டு இதை வைத்தீர்கள். இதைச் சொல்லவைத்தால் குர்துப் பிள்ளைக்கும் 'நான் குர்து, நான் உன்னைவிட நேர்மையானவன், உன்னைவிட உழைப்பாளி' என்று சொல்லும் உரிமை வந்துவிடுகிறது என்பதே அவர் பேச்சின் சாரம். அடையாளக் குறையை அவர் ஒப்புக்கொள்கிறார், ஆனால் அதற்கான மருந்தாகப் பிஸ்மில்லாஹ்வைக் காட்டுகிறார். அடுத்த மாதம் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் தியார்பக்கிர் மேயர் பதவியை ரெஃபா கைப்பற்றியது. அழுத்தத்துக்கும் கொலைகளுக்கும் ஆளான குர்துக் கட்சி அந்தத் தேர்தலைப் புறக்கணித்திருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. இந்த உரைக்காகவே 2000இல் எர்பகானுக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அது கருத்துரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது.

மறுபக்கம், குர்துக் கட்சிகளின் வரிசை 1990இல் ஹெப் கட்சியோடு தொடங்குகிறது. ஹெப், தெப், ஹதெப், தெதெபெ என்று ஒன்றன்பின் ஒன்றாக இவை தடை செய்யப்பட, ஒவ்வொரு முறையும் வேறு பெயரில் அடுத்த கட்சி எழுந்தது. இவற்றின் சிந்தனைப் பின்புலம் இடதுசாரிச் சிந்தனை. அப்துல்லா ஓஜலானின் ஆயுத இயக்கமான பிகேகே தன் தொடக்க காலத்தில் ஷேக்குகளையும் ஆகாக்களையும் ஒரே தட்டில் வைத்து, மக்களைச் சுரண்டும் நிலப்பிரபுத்துவத்தின் தூண்கள் என்று கண்டித்தது. பெண்களின் அரசியல் பங்கேற்பு, இணைத் தலைமை, தாய்மொழி ஆகியவற்றில் இந்த வரிசை செய்த மாற்றம் மிகப் பெரியது. ஆனால் மார்க்கத்தைப் பேசும் இடத்தை அது நீண்ட காலம் காலியாக விட்டுவைத்தது. அந்த இடத்தில்தான் ஏகேபி வந்து அமர்ந்தது.

2002இல் ஆட்சிக்கு வந்த ஏகேபிக்குக் குர்துப் பகுதியில் கிடைத்த வரவேற்பைத் தொழுகைப் பாயை மட்டும் வைத்து விளக்க முடியாது. நெருக்கடி நிலைச் சட்டம் நீங்கியிருந்தது, கிராமங்களுக்குச் சாலையும் மருத்துவ அட்டையும் வந்தன. 2005 ஆகஸ்டில் தியார்பக்கிரில் நின்று, குர்துப் பிரச்சினை என்னுடைய பிரச்சினை என்று எர்டோகன் சொன்னார். அதுவரை அப்படி ஒரு சொல்லைப் பிரதமர் பதவியில் இருந்தவர் தயக்கமின்றிச் சொல்லி மக்கள் கேட்டது மிக அரிது. 2007இல் ராணுவத் தலைமை ஏகேபியை எதிர்த்து அறிக்கை விட்டபோது, ராணுவத்தால் துன்பப்பட்ட குர்துகளுக்கு அந்தக் கட்சி தங்களைப் போலவே ஒடுக்கப்படுவதாகத் தெரிந்தது. தென்கிழக்கு மாகாணங்களின் வாக்குகளில் பாதிக்கும் மேல் ஏகேபிக்குச் சென்றன. தியார்பக்கிரிலேயே ஏறத்தாழ 41 விழுக்காடு கிடைத்தது. 2009 புத்தாண்டு நாளில் அரசுத் தொலைக்காட்சி குர்து மொழி அலைவரிசையைத் தொடங்கியது. 2012இல் பள்ளியில் குர்து விருப்பப் பாடமானது. எர்பகான் சாடிய அந்தக் காலை உறுதிமொழி 2013இல் நீக்கப்பட்டது. மதமும் அடையாளமும் ஒரே திசையில் நடந்த ஆண்டுகள் இவை.

குர்துக் கட்சி தன் பிழையை உணர்ந்ததும் இந்தக் காலத்தில்தான். 2011 வசந்தத்தில் அது தொடங்கிய ஒத்துழையாமைப் போராட்டத்தின் ஒரு பகுதி, அரசுப் பள்ளிவாசல்களைத் தவிர்த்து நடத்தப்பட்ட ஜும்ஆ எனும் வெள்ளிக்கிழமைத் தொழுகை. துருக்கியில் இமாம்கள் அனைவரும் தியானத் எனப்படும் அரசு மார்க்கத் துறையின் ஊழியர்கள். வெள்ளிக்கிழமை குத்பா எனும் மார்க்கச் சொற்பொழிவு அந்தத் துறை அங்கீகரித்த துருக்கிய உரையாக வரும். தியார்பக்கிரில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கிழவருக்கு அதில் பாதி புரியாது. அதற்கு மாற்றாக, ஷேக் சயீத் தூக்கிலிடப்பட்ட இடம் என்று மக்கள் நினைவில் நிற்கும் தாகாப்பி சதுக்கத்தில் திறந்த வெளியில் விரிப்புகள் போடப்பட்டன, அட்டைகளும் செய்தித்தாள்களும் தொழுகைப் பாயாயின. அரசுச் சம்பளம் வாங்காத மெலே ஒருவர் ஒலிபெருக்கியில் குர்து மொழியில் குத்பா ஓத, சுற்றிலும் காவல்துறை வண்டிகள் நின்றன. கட்சியின் மார்க்சியப் பின்னணி கொண்ட தலைவர்களும் பின்வரிசையில் வந்து நின்றார்கள். எர்டோகன் இதை மதத்தைப் பிளக்கும் செயல் என்று கடுமையாகச் சாடினார். ஆனால் அவருடைய அரசு உடனே செய்தது என்ன? மெலேக்களுக்கென்று ஏறத்தாழ ஆயிரம் பணியிடங்களை மார்க்கத் துறையில் ஒதுக்கியது. பதினைந்து ஆண்டுகள் கிராம மத்ரஸாவில் ஓதியும் சான்றிதழ் இல்லாததால் மதிக்கப்படாத ஒரு மனிதருக்கு, ஒரு தரப்பு சதுக்கத்தில் ஒலிபெருக்கியைக் கொடுத்தது, மறுதரப்பு மாதச் சம்பளத்தைக் கொடுத்தது. மெலேக்கள் இரு பக்கமும் பிரிந்தார்கள்.

இரு தரப்பும் ஒரே குர்ஆன் வசனங்களையே எடுத்தாண்டன என்பதையும் சொல்ல வேண்டும். மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே அவர்களைச் சமூகங்களாகவும் குலங்களாகவும் ஆக்கினோம் என்று 49ஆம் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் கூறுகிறது. ஆளும் கட்சிப் பேச்சாளர் இதைச் சொல்லும்போது அழுத்தம் வசனத்தின் பிற்பகுதியில் விழும்: மேன்மை இறையச்சத்தில்தான், குலத்தில் இல்லை, ஆகவே குலத்தைப் பேசாதீர்கள். குர்து மெலே சொல்லும்போது அழுத்தம் முற்பகுதிக்கு மாறும்: குலங்களைப் படைத்தவன் இறைவன், அவன் படைத்ததை இல்லை என்று சொல்ல அரசுக்கு என்ன உரிமை? மொழிகளும் நிறங்களும் வேறுபடுவது இறைவனின் சான்றுகளில் ஒன்று என்னும் 30ஆம் அத்தியாய வசனத்தை இதோடு சேர்த்துவிட்டால், மொழியைத் தடை செய்வது மார்க்கக் குற்றமாகவே ஆகிவிடுகிறது. இறைநம்பிக்கையுள்ள குர்துவிடம் இந்த வாதத்துக்கு இருக்கும் வலிமையை எந்த இடதுசாரித் துண்டறிக்கையும் பெற்றதில்லை. ஓஜலானும் இதை உணர்ந்தார். 2013 நவ்ரோஸ் எனும் வசந்தப் புத்தாண்டு நாளில் சிறையிலிருந்து அனுப்பிய கடிதத்தில், இஸ்லாத்தின் கொடியின்கீழ் துருக்கியரும் குர்துகளும் ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்ததை அவர் நினைவூட்டினார். 2014 மே மாதம் தியார்பக்கிரில் கூடிய ஜனநாயக இஸ்லாம் மாநாடும் அவருடைய அழைப்பின் பேரில் நடந்ததே.

ஆளும் கட்சியின் அணை உடைந்தது 2014 அக்டோபரில். எல்லைக்கு அப்பால் சிரியாவின் குர்து நகரமான கொபானியை ஐஎஸ் படை முற்றுகையிட்டிருந்தது. வான்தாக்குதல் மட்டும் போதாது என்ற வாதத்தின் நடுவே, கொபானி விழுந்துவிடும் நிலையில் இருக்கிறது என்று எர்டோகன் சொன்னார். எல்லைக்கு இந்தப் பக்கம் உறவினர்களைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களின் காதில் அது ஆறுதலாக விழவில்லை. இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு படை குர்துகளைக் கொல்லும்போது, இஸ்லாமியச் சகோதரத்துவத்தைப் பேசியவர்கள் என்ன செய்தார்கள் என்று மார்க்கப் பற்றுள்ள குர்துக் குடும்பங்களே கேட்டன. அடுத்த மார்ச்சில், இனி என்ன குர்துப் பிரச்சினை என்று எர்டோகன் மேடையில் கேட்டபோது 2005 தியார்பக்கிர் உரையும் செல்லாமல் போனது.

இந்த மனநிலையில்தான் 2015 ஜூன் தேர்தல் வந்தது. குடியரசுத் தலைவராக இருந்தும் ஊர் ஊராகச் சென்ற எர்டோகன், மார்க்கத் துறை அப்போதுதான் வெளியிட்டிருந்த குர்து மொழிபெயர்ப்புக் குர்ஆனை மேடையில் உயர்த்திக் காட்டினார். ஹக்காரி மாகாணத்தில் திறக்கப்பட்ட புதிய விமான நிலையத்துக்கு, ஜெருசலேமை மீட்ட குர்து வீரர் சலாஹுத்தீன் அய்யூபியின் பெயர் சூட்டப்பட்டது. மறுபக்கம், குர்துக் கட்சிகளின் வரிசையில் அப்போது களத்தில் இருந்த எச்டிபியின் தேர்தல் அறிக்கை மார்க்கத் துறையையே கலைப்போம் என்றது. மதத்தைக் கொண்டே எச்டிபியை வீழ்த்தலாம் என்று ஆளும் தரப்பு நம்பியதில் வியப்பில்லை. ஆனால் அதே எச்டிபி பட்டியலில் தியார்பக்கிரின் முன்னாள் முஃப்தி நிமெத்துல்லா எர்தோமுஷ், ரெஃபாவில் வளர்ந்த அல்தான் தான், ஏகேபியின் நிறுவனர்களில் ஒருவரான தெங்கிர் மிர் மெஹ்மெத் ஃபிராத், முக்காடு அணிந்த ஹுதா கயா ஆகியோர் இருந்தார்கள். தியார்பக்கிரில் எச்டிபி ஏறத்தாழ 79 விழுக்காடு பெற்றது. ஏகேபி 15 விழுக்காட்டளவுக்குச் சரிந்தது. நாடு முழுவதும் 13.1 விழுக்காட்டோடு 80 இடங்களை வென்ற எச்டிபி, ஏகேபியின் தனிப்பெரும்பான்மையையே பறித்தது. குர்து மொழியில் குர்ஆன் வந்ததை அந்த மக்கள் வெறுத்திருக்க முடியாது. அதை யார், எந்த நேரத்தில், எதற்கு மாற்றாகக் காட்டுகிறார் என்பதைத்தான் அவர்கள் எடைபோட்டார்கள்.

எல்லா மாகாணங்களும் இப்படி நடந்துகொள்ளவில்லை. பிங்கோலில் அந்தத் தேர்தலிலும் ஏகேபியே முந்தியது. உர்ஃபாவில் குலத் தலைவர்களின் பிடி பெரிது. நக்‌ஷபந்திகளின் பெரிய மையமான மென்ஸில் கிராமம் அமைந்துள்ள அத்யமானில் ஆளும் கட்சியே முதலிடத்தில் நின்றது. ஷேக்கின் சொல், அரசு ஒப்பந்தம், ஊர்க்காவல் படைச் சம்பளம் ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடங்களில், மதம் எங்கே முடிந்து பிழைப்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுவது கடினம். தெர்சிமில் வாழும், சுன்னிகள் அல்லாத அலெவி பிரிவைச் சேர்ந்த குர்துகளுக்கோ சுன்னிச் சகோதரத்துவப் பேச்சு முற்றிலும் அந்நியமானது. உம்மத் (முஸ்லிம் சமுதாயம்) என்ற சொல் தங்களை வெளியே நிறுத்துவதாகவே அவர்கள் கேட்கிறார்கள்.

மதத்தையும் அடையாளத்தையும் ஒரே பொட்டலமாகத் தரும் கட்சி ஒன்றும் உண்டு. 2012இல் தோன்றிய ஹுதா பார், குர்து மொழிக்கு அரசியலமைப்பு ஏற்பும் தாய்மொழிக் கல்வியும் கேட்கிறது, ஷரீஆவையும் பேசுகிறது. மதத்தையும் அடையாளத்தையும் சேர்த்துப் பேசினாலே போதுமென்றால் இதற்கு வாக்குகள் குவிந்திருக்க வேண்டும். ஆனால் 1990களில் பிகேகேயோடு தெருத்தெருவாக மோதி, பல கொலைகளுக்குப் பொறுப்பாகக் கருதப்பட்ட குர்து ஹிஸ்புல்லாவின் மரபிலிருந்து வந்த கட்சி இது. லெபனான் இயக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. உறவினரை இழந்த குடும்பங்கள் அதை மறக்கவில்லை. கொபானி முற்றுகையின்போது துருக்கியில் வெடித்த கலவரத்தில், தியார்பக்கிரில் குர்பானி இறைச்சி பகிர்ந்துகொண்டிருந்த இக்கட்சி சார்ந்த இளைஞர்கள் கொல்லப்பட்டதை இக்கட்சியினரும் மறக்கவில்லை. 2023இல் ஏகேபி பட்டியலில் நின்று இக்கட்சி நான்கு உறுப்பினர்களைப் பெற்றது.

அதே 2023இல் தெர்சிமில் பிறந்த அலெவியான கெமால் கிலிச்தாரோலு, குடியரசுத் தலைவர் தேர்தலில் எர்டோகனை எதிர்த்து நின்று தியார்பக்கிரில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றார். மார்க்கப் பற்றுள்ள ஷாஃபி குர்துகள் ஓர் அலெவிக்கு இவ்வளவு வாக்களித்ததை மதக் கணக்கால் விளக்கவே முடியாது. 2016 முதல் தாங்கள் தேர்ந்தெடுத்த மேயர்களை நீக்கிவிட்டு அரசு நிர்வாகிகளை அமர்த்தியது அவர்களை அவ்வளவு காயப்படுத்தியிருந்தது. இரண்டாம் சுற்றுக்கு முன் கிலிச்தாரோலு தீவிர தேசியவாதிகளோடு கைகோத்ததும் குர்துப் பகுதிகளில் வாக்களிக்க வந்தோர் குறைந்தனர்.

இப்போது மீண்டும் ஆயிரம் ஆண்டுச் சகோதரத்துவம் பேசப்படுகிறது. 2025 பிப்ரவரியில் ஆயுதத்தைக் கைவிடச் சொன்ன ஓஜலானின் அழைப்பும், ஜூலையில் துருக்கியர், குர்து, அரபியர் ஒற்றுமையைப் பற்றி எர்டோகன் ஆற்றிய உரையும் ஏறத்தாழ ஒரே வரலாற்றைத்தான் நினைவூட்டின. சகோதரத்துவம் என்ற சொல்லைப் பெயரிலேயே கொண்ட நாடாளுமன்றக் குழுவும் ஆகஸ்டில் அமைந்தது. அந்தக் குழுவின் முன் சாட்சி சொல்ல வந்த ஒரு குர்துத் தாய் தன் மொழியில் பேச முனைந்தபோது அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. பிங்கோலிலும் உர்ஃபாவிலும் ஏகேபிக்கு இன்னும் வாக்களிக்கும் குர்துகள் அடுத்த தேர்தலில் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதை, ஆளும் கட்சி மேடையில் எந்த வசனம் ஓதப்படுகிறது என்பதைவிட, அந்த அனுமதி எப்போது கிடைக்கிறது என்பதே அதிகம் தீர்மானிக்கும் என்று நினைக்கிறேன்.